போர்டுக்குச் சொந்தமான கிணறு

ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் பிரிந்து உள்ளே போனால் வருகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி மண்டியும் நாலைந்து ஜவுளிக் கடையும் இருந்ததால் சுற்று வட்டாரத்தில் அதை டவுனு என்பார்கள். ஊரை நிர்வாகம் பண்ண ஒரு போர்டு உண்டு. ஓட்டு வீடு மாதிரி ஓர் ஆபீஸ், அதற்கொரு தலைவர், மெம்பர்கள், காக்கி போட்ட சேவகர்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். காட்டு வேலை, கூலி வேலை. பாட்டனார் காலத்தில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். அந்த வகையில் எனக்குப் படிப்பு வாய்த்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வடக்கே இருந்தார். பள்ளிக்கூடம் ஊர் நடுவில். நான் குடியிருந்தது ஊரின் மேற்குக் கடைசியில், எங்கள் ஜனங்கள் இருந்த தெருவில். வேறு எங்கே வீடு கேட்டாலும் முதலில் 'எந்த ஊரு' என்பார்கள், அப்புறம் 'யார் மகள்' என்பார்கள், அதற்கு மேல் கதவு திறக்காது.

அந்தத் தெருவில் ஒரு கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடித்தால் தாகம் இன்னும் கூடும். நல்ல தண்ணீர்க் கிணறு பஜாருக்குப் பின்னால் இருந்தது. போர்டு வெட்டிய கிணறு. கல் கட்டி, நாலு பக்கமும் உருளை போட்டு, எந்தக் கோடையிலும் வற்றாமல் கிடக்கும். எங்கள் தெருப் பெண்கள் கிணற்று மேடைக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனம் இரங்கி ஊற்றினால் உண்டு. நானும் நின்றேன். காலையில் 'வணக்கம் டீச்சர்' என்று எழுந்து நிற்கிற பிள்ளையின் தாயார், சாயந்திரம் தன் வாளி என் குடத்தில் பட்டுவிடாமல் உயரத் தூக்கி ஊற்றுவாள். பாதி குடத்துக்குள் விழும். பாதி என் சேலையில் தெறிக்கும். அதற்கும் நான் நன்றி சொல்வேன்.

இந்த ஊரில்தான் நான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். நிலபுலம் உள்ள வீட்டுப் பெண். புருஷனுக்குப் பஞ்சுக் குடோன். அந்த அம்மாள் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர், கதர்தான் கட்டுவார். அதனால் அரசாங்கம் அவரைப் போர்டில் பெண் மெம்பராகப் போட்டிருந்தது. எங்கள் தெருப் பெண்களுக்குச் சாயந்திரம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டு என் வீட்டுக்கு அவராகவே வந்தார். வந்த முதல் நாளே, "குடிக்கத் தண்ணி கொடு தாயி" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. "அம்மா, இது உப்புத் தண்ணி. இருங்க, சோடா வாங்கியாறச் சொல்றேன்" என்றேன்.

"நீ குடிக்கிறதைத்தானே கேட்டேன்? அப்புறம், அம்மான்னு கூப்பிடாத. நான் ஒனக்கு அக்கா."

டம்ளரை வாயில் வைத்து, முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். பருத்தி எடுக்கப் போகிறவள், அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தாள். அன்று ராத்திரி தெரு முழுக்க அந்த டம்ளர்தான் பேச்சு. அன்றையிலிருந்து அவர் எனக்கு அக்கா. வேறு யாரையும் நான் அப்படி நம்பியதில்லை. பிறந்த வீட்டில்கூட.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் கழிந்திருக்கும். ஒரு நாள் அக்கா பேப்பரோடு வந்தார். உலகத்து நாடுகளெல்லாம் கூடி, பிறப்பால் மனிதர்கள் எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஒரே உரிமை என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். என் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அதை வாய்விட்டு வாசித்தார். வாசித்து முடித்து, "அவ்வளவு பெரிய நாடுக சொல்லும்போது நம்ம போர்டு ஏன் சொல்லக் கூடாது?" என்றார்.

"நம்ம போர்டா அக்கா?"

"ஆமா. தீர்மானம் போடுவோம். நீ நல்ல தமிழ்ல எழுதிக் கொடு. நான் கொண்டுபோய்ப் பேசுறேன்."

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இந்த ஊர் எல்லைக்குள் யாரும் யாருக்கும் தாழ்ந்தவரில்லை, மனிதராகப் பிறந்தவருக்கு உரிய மரியாதையைப் போர்டு காப்பாற்றும், ஊரில் உள்ள கிணறு, தெரு, சாவடி, பள்ளிக்கூடம் எல்லாம் எல்லாருக்கும் பொது. இதுதான் சாரம். போர்டுத் தலைவர் ஒரு வக்கீல். தன்மையான மனுஷர், யாரையும் நீங்க வாங்க என்றுதான் பேசுவார். படித்துப் பார்த்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாராம். ஓர் இடத்தில் மட்டும் கை வைத்திருந்தார். 'ஊரில் உள்ள' என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, 'போர்டுக்குச் சொந்தமான' என்று போட்டிருந்தார்.

இது எதற்கு என்று அக்காவைக் கேட்டேன்.

"வக்கீல் மூளை. எதையும் சட்டமாச் சொன்னாத்தான் அவுகளுக்குத் தூக்கம் வரும். நல்ல தண்ணிக் கெணறு போர்டு வெட்டுனதுதானே? அப்புறமென்ன?"

சரிதானே என்று எனக்கும் பட்டது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதை ஊருக்குச் சொல்ல மண்டித் திடலில் கூட்டம் போட்டார்கள். மதுரையிலிருந்து மைக் செட்டு வந்தது. வீரசோழனிலிருந்து வியாபாரிகள் வந்திருந்தார்கள், சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் தெரு ஜனங்கள் வழக்கப்படி ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது அக்கா மேடையை விட்டு இறங்கிப் போய், பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

வாசித்தேன். என் குரல் திடலின் அந்தக் கடைசியில் மோதித் திரும்பி என் காதுக்கே வந்தது. 'யாரும் யாருக்கும் தாழ்ந்தவரில்லை' என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். தலைவர் மாலையை என் கழுத்தில் போடாமல் கையில் கொடுத்தார், பெண்பிள்ளை என்பதால் என்று நினைத்துக்கொண்டேன். மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. எனக்கு மட்டும் கலர் சோடா, பாட்டிலோடு. தனி உபசாரம் என்று சந்தோஷப்பட்டுக் குடித்தேன். நான் அப்படிப் பூரித்துப் போய் இருந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு கிளம்பினோம். அக்கா முன்னால் நடந்தார். போட்டோ எடுக்கிற ஆளும் வந்திருந்தார். கிணற்று மேடை மேல் ஏறியதும், முதல் வாளியை என்னை இறைக்கச் சொன்னார்கள். கயிறு கையில் வழுக்கியது. தண்ணீர் மேலே வந்ததும் எல்லாரும் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரி தன் கைப்பிள்ளையின் உதட்டில் விரலால் தொட்டு வைத்தாள். "இதுதான்லே நல்ல தண்ணி" என்று அதனிடம் சொன்னாள். அழுததும் அவள்தான், சிரித்ததும் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க எடுத்தோம். ஒருவரும் தடுக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் போகிற நேரத்தில் வேறு யாரும் கிணற்றுக்கு வரவில்லை. பிறகு எந்த நேரத்திலும் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பணக்காரர்கள் வீட்டுக்கு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வேறு எங்கிருந்தோ வந்தது. பள்ளிக்கூடத்திலும் சில பிள்ளைகள் வராமல் நின்றார்கள். அக்காவிடம் சொன்னேன். "பழகிருவாக. கொஞ்ச நாள் பொறு" என்றார். அதன் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வீட்டில் கல்யாண வேலை, மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கிணற்றைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தது. வழியில் ஒரு காவல்காரர் கம்போடு நின்றார். கூட்டத்தன்று என் கையிலிருந்த மாலையை வாங்கிப் பத்திரமாக வைத்துக் கொடுத்தவர்தான். என்னைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, திரும்பிப் போயிருங்க. இது இப்போ போர்டு கெணறு இல்ல."

"போர்டு கெணறு இல்லன்னா? போன வாரம்தானே எடுத்தோம்?"

"கோயில் தர்ம சபைக்குக் கொடுத்திட்டாகளாம். சபை ஆளுகளுக்கு மட்டுந்தானாம். எனக்கென்ன தெரியும்மா, நிக்கச் சொன்னாக நிக்கிறேன்."

குடங்களை அங்கேயே வைத்துவிட்டு நான் போர்டு ஆபீசுக்கு ஓடினேன். தலைவர் எழுந்து நின்று என்னை வரவேற்றார். உட்காருங்கள் என்றார். போர்டுக்குக் கிணற்றைப் பராமரிக்க வசதி போதவில்லை, சபையார் ஏற்றுக்கொள்ள முன்வந்தார்கள், போர்டு கூடிச் சம்மதித்தது என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். "தீர்மானம் தீர்மானமாத்தான் இருக்கு. அதில ஒரு எழுத்துக்கூட மாறல. போர்டுக்குச் சொந்தமான கிணறு எல்லாம் எல்லாருக்கும் பொதுதான்."

"போர்டுக்குச் சொந்தமா இப்போ எந்தக் கெணறு இருக்கு?"

"உங்க தெருக் கிணறு இருக்கே" என்றார். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பதில் சொன்னார்.

எழுந்து வரும்போது, கிணற்றைக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னது யார் என்று கேட்டேன். "உங்க அக்காதான். அவுக சொன்னதாலதான் தகராறில்லாம முடிஞ்சது" என்றார்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நடுக்கூடத்தில் புதுப் பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல், வா என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"நீங்கதான் சொன்னீங்களா அக்கா?"

"நான்தான் சொன்னேன். நான் சொல்லலைன்னா வேற மாதிரிப் போயிருக்கும். ஒங்க தெருவைக் கொளுத்துவோம்னு பேசிக்கிட்டு இருந்தாக. ஒனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா நாங்க பயந்துக்குவோம்னு நெனச்சீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஒங்க தெருவுக்குன்னே புதுக் கெணறு வெட்டித் தர ஏற்பாடு பண்ணியிருக்கேன். யாரும் ஒங்களைக் கேள்வி கேக்க மாட்டாக."

"உப்புத் தண்ணியிலதானே வெட்டுவீக?"

அக்கா ஒரு பித்தளைப் பாத்திரத்தை நேராக எடுத்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மகளுக்கு நிச்சயமாகியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரக, ஒங்க ஊர்க் கெணத்துல எல்லாரும் எடுக்காகளாமே, அப்போ கல்யாணச் சமையலுக்குத் தண்ணி எங்க எடுப்பீகன்னு கேட்டாக. நான் என்ன சொல்ல?"

"நீங்க எங்க வீட்டுல தண்ணி குடிச்சீங்களே அக்கா."

"குடிச்சேன். இப்பவும் வந்து குடிப்பேன். நான் ஒங்க வீட்டுல குடிக்கிறது வேற தாயி. நீங்க எங்க கெணத்துல எடுக்கிறது வேற."

எங்க கெணறு. அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வருஷத்துப் பழக்கமும் உதிர்ந்துபோனது. செருப்பைக்கூடத் தேடாமல் வெயிலில் இறங்கி நடந்தேன். கால் சுட்டதை வீட்டுக்கு வந்துதான் உணர்ந்தேன்.

மிஷனிலிருந்தும் கூப்பிட்டு விட்டார்கள். எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், நல்லவர்தான். "பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக வரணும்மா. நாம சமாதானத்தின் பிள்ளைகள்" என்றார். எங்கள் வேதக் கோயிலில் எங்கள் ஜனங்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். மனு எழுதுவதா, மதுரைக்குப் போய்ப் பெரிய அதிகாரியைப் பார்ப்பதா என்று. பக்கத்து வீட்டுக்காரி பேசவில்லை. அவள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஒரு நாள் பட்டப்பகலில், மண்டிக்குப் போகிற வண்டிகள் எல்லாம் பார்க்க, அவள் தனியாகப் போய் முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு மேடை ஏறி ஒரு குடம் இறைத்தாள். காவல்காரர் தடுத்தபோது, "கொன்னாலும் கொல்லுங்க. ஒரு கொடம் எடுத்துட்டுத்தான் போவேன்" என்றாளாம். குடத்தை உடைத்துவிட்டார்கள். அவள் முழங்கையிலும் அடி. பிறகு அவள் மேலேயே பிராது கொடுத்தார்கள், தனியார் கிணற்றில் அத்துமீறி நுழைந்தாள், வேலியைச் சேதப்படுத்தினாள் என்று.

அருப்புக்கோட்டை சப் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கேஸ். எங்களுக்காக இளவட்ட வக்கீல் ஒருவர் பீஸ் வாங்காமல் வந்தார். "கிணறு பொதுவில் இருந்ததுன்னு ஊர்ல பெரிய மனுஷங்க ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றார். எனக்கு உடனே அக்கா ஞாபகம்தான் வந்தது. அவ்வளவு நடந்த பிறகும். கல்யாணத்துக்காக ஒரு காரியம் செய்துவிட்டார், ஆனால் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லுகிற மனுஷி இல்லை என்று நினைத்தேன். ஜெயிலுக்குப் போனவர் அல்லவா. அவரைச் சாட்சியாகக் கூப்பிடச் சொன்னது நான்தான். பக்கத்து வீட்டுக்காரியிடமும், "அக்கா வந்து சொல்லிருவாக, பயப்படாத" என்று தைரியம் சொல்லியிருந்தேன்.

அக்கா அதே வெள்ளைக் கதரில் வந்து கூண்டில் ஏறினார். பிரமாணம் எடுத்தார். வக்கீல் கேட்டார்:

"அந்தக் கிணறு போர்டு வெட்டினதுதானே?"

"கோயிலுக்காக வெட்டுனது. மேற்பார்வை மட்டும் போர்டு பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"எல்லாரும் அங்கே தண்ணீர் எடுத்தாங்களா இல்லையா?"

"கோயிலுக்கு உரியவுக எடுத்தாக."

"தீர்மானம் போட்ட மறுநாள் நீங்களே முன்னால போய் இந்தப் பெண்களைக் கூட்டிட்டு எடுக்க வைக்கலையா?"

"அது ஒரு அடையாளத்துக்காகப் பண்ணினது. உரிமைன்னு யாரும் கொடுக்கல" என்றார்.

அடையாளம். மைக்கில் நான் வாசித்ததும், முதல் வாளியை நான் இறைத்ததும், அந்தப் பிள்ளையின் உதட்டில் தொட்டு வைத்ததும், எல்லாம் அவருக்கு அதுதான். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. கோர்ட்டில் கத்தினால் கேஸ் இன்னும் கெடும் என்று வக்கீல் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

குற்றம் ருசுவானது. ஆனால் கைப்பிள்ளைக்காரி என்பதால் மாஜிஸ்ட்ரேட் பெரிய தண்டனை போடவில்லை. கோர்ட் கலைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். மேலே அப்பீல் போனால் ஜெயிக்கலாம் என்றார் வக்கீல். மேலே என்றால் மதுரை. மதுரைக்கு யார் போய் யார் வருவது?

வராந்தாவில் வெறுந்தரையில் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் வெயில் எங்கள் மேலேயே விழுந்தது. அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்தார். வண்டி காத்திருந்தது. எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றார். "வெயிலா இருக்கே. பிள்ளைக்காரி, உள்ள தள்ளி உக்காரு" என்றார். அந்தக் குரலில் நிஜமான கரிசனம் இருந்தது. அதை எப்படிச் சொல்ல? அன்று முதல் நாள் தண்ணீர் கேட்ட அதே குரல்.

பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்க்காமல், "இருக்கட்டும்" என்றாள். வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "டீச்சர், அவுக பொய் சொல்லும்போது ஒங்களைப் பாத்தாகளா?"

"பாக்கல."

"என்னையப் பாத்தாக" என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் எழுந்து போனதும் சேவகர் வந்து, போகலாம் என்றார். பஸ் போய்விட்டிருந்தது. மாட்டு வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் என்னிடம் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நம்பச் சொன்னது நான்தானே.

அவள் குழந்தை பிழைத்துக்கொண்டது. அடுத்த பருத்தி எடுப்புக்கு முன்னாலேயே அவளும் புருஷனும் மதுரை மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவுக்குப் புதுக் கிணறு வெட்டினார்கள். நினைத்தது போலவே உப்புத் தண்ணீர்தான். அதைத் திறந்து வைக்கத் தலைவரும் அக்காவும் வந்தார்கள். தெருவில் பாதிப் பேர் போகவில்லை, பாதிப் பேர் போனார்கள். போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கேயே பிழைக்க வேண்டியவர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்தினேன்.

தை மாதம் அக்கா மகள் கல்யாணம். என்னை அழைக்க அக்காவே வந்தார். வாசலில் நின்று குங்குமச் சிமிழை நீட்டினார். நாங்கள் வேதக்காரர்கள், வைக்க மாட்டோம் என்பதை இத்தனை வருஷமாகத் தெரிந்தவர், அன்று மறந்துபோனார். "அவசியம் வரணும்" என்றார்.

"வரலைக்கா" என்றேன்.

"கோவம் தீரலையா?"

"கோவமா இருந்தாத் தீர்ந்திருக்கும்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வாங்க என்று கூப்பிட வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோடை லீவில் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டு, திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். பிறகு அந்த ஊருக்கு நான் போனதில்லை. அக்கா நீண்ட காலம் இருந்தார் என்றும், கடைசி வரைக்கும் கதர்தான் கட்டினார் என்றும், மேடைகளில் அந்தத் தீர்மானத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார் என்றும் அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். பேசியிருப்பார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.